மார்லோ கேமராவை அணைத்த காரணம்

ஒடெஸ்ஸா ப்ரூயிட் நடத்திய கூட்டத்தில் சட்டதிட்டம் என்று அதிகம் கிடையாது. ஒருத்தர் பேசும்போது குறுக்கே விழக்கூடாது. கேமராவை யாராவது அணைத்து வைத்திருந்தால் ஏன் என்று கேட்கக்கூடாது. இரண்டாவது சட்டம் தொற்றுக்காலத்தில் வந்தது. அதற்கு முன்னால், சிகாகோவின் மேற்குப் பக்கத்தில், சலவைக்கடையாக இருந்து மூடிப்போன ஒரு கூடத்தில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து குவிவார்கள். பெண்பிள்ளைகள், பெண் ஆண் என்று போட்ட கட்டத்துக்குள் அடங்காத பிள்ளைகள், வீட்டில் வாய் திறக்க முடியாமல் இங்கே வந்து வாயை மூடாத பிள்ளைகள். மார்ச்சில் கூடத்தைப் பூட்டியதும் எல்லோரும் கணினித் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகிவிட்டார்கள். ஒரு பிள்ளை குளியலறையில் உட்கார்ந்து பேசியது, இன்னொன்று மாடிப்படியில். எல்லோராலும் வீட்டைத் திறந்து காட்ட முடியாது. அதற்காகத்தான் அந்தச் சட்டம். ஒடெஸ்ஸாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமைதான் அவள் கண்ணை மறைத்தது. ஏப்ரலிலிருந்து மார்லோ என்ற பிள்ளையின் சதுரம் கறுப்பாகவே இருந்தது. குரல் மட்டும் வரும், எப்போதும் போல நக்கலாக. ஒடெஸ்ஸா கேட்கவில்லை. பள்ளிக்கூட வகுப்பிலும் மார்லோ அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பதும், அங்கே கறுப்புச் சதுரத்துக்கு ‘வரவில்லை’ என்று அர்த்தம் என்பதும் அவளுக்குத் தெரியாது.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நன்னடத்தை அதிகாரி பிராண்ட் போன் செய்தார்.

“மார்க்கீட்டா ஹாலிஸ் ஆன்லைன் வகுப்புக்கு வர்றதே இல்லம்மா. நிபந்தனைய மீறியாச்சு. செவ்வாய்க்கிழமை காலைல வீடியோல விசாரணை. நீதிபதி உள்ள அனுப்பச் சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“மார்லோ,” என்றாள் ஒடெஸ்ஸா.

“என் ஃபைல்ல மார்க்கீட்டான்னுதான் இருக்கு.”

மார்லோவுக்குப் பதினாறு வயது. மார்க்கீட்டா அம்மா வைத்த பெயர், மார்லோ தானே வைத்துக்கொண்ட பெயர். அவள் என்றும் வேண்டாம், அவன் என்றும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிள்ளை. அதற்காக ‘அவர்’ என்று கொஞ்சம் மரியாதை கூட்டிச் சொன்னால் யாருக்கும் கை கால் முடங்கிவிடாது.

குளிர்காலத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு காவலாளி பின்னாலிருந்து மார்லோவின் சட்டைத் தொப்பியைப் பிடித்து இழுத்தான். மார்லோ திரும்பி ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவுதான், ‘தாக்குதல்’ என்று வழக்கு வந்தது, நன்னடத்தைக் கண்காணிப்பு வந்தது. அதே வாரம், அதே தாழ்வாரத்தில், இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்துக்கொண்டார்கள். அவர்களை ஒருநாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆச்சரியப்படுவதை ஒடெஸ்ஸா எப்போதோ விட்டுவிட்டாள். கோபப்படுவதை விடவில்லை.

இப்போது உள்ளே அனுப்புவது என்றால் சிறார் காப்பிடம். அங்கே நோய் புகுந்து, பிள்ளைகளைத் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். பெற்றவர்கள்கூடப் பார்க்க முடியாது. மார்லோ அங்கே போகக்கூடாது. போனைக் கீழே வைக்கும்போதே ஒடெஸ்ஸா அதை முடிவு செய்துவிட்டாள்.

உடனே மார்லோவின் அம்மா வெர்லீனுக்குப் போன் போட்டாள். வெர்லீன் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். அங்கே தினமும் யாராவது ஒருவரை நோய் கொண்டுபோனது. பிள்ளைக்கு ஒட்டிவிடக்கூடாது என்று வீட்டில் கீழ் அறையில் தனியாகப் படுத்தாள். சாப்பாட்டைப் பிள்ளையின் அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவாள்.

“நான் இங்க மத்தவங்க அப்பா அம்மாவத் துடைச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ வகுப்புக்குப் போகலையா?” என்று கத்தினாள். “மார்க்கீட்டாவ எங்கிட்டப் பேசச் சொல்லு!”

“வெர்லீன், பிள்ளைக்கு மார்லோன்னு கூப்பிட்டாத்தான்…”

“மார்க்கீட்டாங்கறது என் தங்கச்சி பேரு. நான் வச்சேன். இன்னொன்னையும் கேட்டுக்கோ, ஆம்பளப் பசங்க மாதிரி முடி வெட்டிக்கப் போறேன்னு போன வருஷம் கேட்டா. என் உயிர் இருக்கறவரைக்கும் முடியாதுன்னு சொல்லிட்டேன். நீ கண்டதச் சொல்லிக் குடுக்காத.”

அந்தச் சனி, ஞாயிறு ஊரே கொதித்தது. மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரன் ஒரு கறுப்பரின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றதைத் தேசமே பார்த்திருந்தது. ஊர்வலம் போனது, கண்ணாடி உடைந்தது, நகர மையத்துக்குள் யாரும் வராதபடி ஆற்றின் தூக்குப்பாலங்களை உயர்த்திவிட்டார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள், ஊரடங்கு போட்டார்கள். மேற்குப் பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பெரிய மளிகைக்கடைகளும் மூடிக்கொண்டன. திங்கட்கிழமை காலை ஒடெஸ்ஸா கூடத்தின் கதவைத் திறந்து, முகக்கவசம் போட்ட பிள்ளைகளைத் தள்ளித்தள்ளி நிறுத்தி, அரிசி, கீரை, கோழி, குழந்தைத் துணி என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பெட்டி கட்ட வைத்தாள். பெட்டி கட்டுகிற நேரம் முழுக்க நீதிமன்றத்தில் பேசப்போகிற பேச்சை ஒத்திகை பார்த்தாள்.

“ஐயா, திரையில தப்பான பேரோட தினமும் உட்காருறது இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காயம்னு யோசிங்க. இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையா…”

“மிஸ் டெஸ்,” என்று பிள்ளைகள் எல்லோரும் கூப்பிடும் பெயரில் கூப்பிட்டாள் ஸனாயா. பதினான்கு வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. “இதெல்லாம் எதுக்கு?”

“எதுக்கா? மார்லோ ஏன் கேமராவ அணைச்சாங்கன்னு நீதிபதிக்குப் புரிய வைக்க வேணாமா?”

ஸனாயா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

“பேருக்காக இல்ல மிஸ் டெஸ்.”

“பின்ன?”

“நெத்தி.”

“என்ன நெத்தி?”

“உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? மார்லோ வீட்டுலயே மெஷின் வச்சு முடி வெட்டிக்கிட்டாங்க. கண்ணாடில பார்த்துக்கிட்டே நெத்திக்கு மேல முடி தொடங்கற இடத்துல நேரா கோடு எடுத்தாங்க. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிடுச்சு. சரி பண்ணப் போயி அந்தப் பக்கமும் ஏறிடுச்சு. அப்புறம் இந்தப் பக்கம்.” ஸனாயா தன் நெற்றியில் விரலை வைத்து மேலே மேலே கொண்டுபோய் உச்சந்தலையில் நிறுத்தினாள். “ஏரோப்ளேன் இறக்கலாம் மிஸ் டெஸ். கிளாஸ்ல ஒருத்தன் படம் புடிச்சு, ரன்வேக்கு லைட்டெல்லாம் போட்டு, பள்ளிக்கூடம் பூரா அனுப்பிட்டான். அன்னிக்கு அணைச்சதுதான்.”

ஒடெஸ்ஸா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கறுப்புப் பிள்ளைகளின் உலகத்தில் முன்முடிக் கோடு ஏறிப்போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அம்மாவைத் திட்டினால்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. அந்தத் தலையோடு முப்பது பேர் முன்னால் உட்காருவதைவிட ஜெயிலுக்குப் போகலாம் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நினைத்திருக்கிறது. அவளோ தலைமுறைகளின் காயத்தைப் பற்றிப் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “ஏன்டா கண்ணு?” என்று கேட்டிருந்தால் போதும்.

மத்தியானம் மார்லோ வந்தார். வெயிலில் தலைத்தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, முகக்கவசம் போட்டு, கண் மட்டும் தெரிய.

“எடு,” என்றாள் ஒடெஸ்ஸா.

“எத?”

“தொப்பிய.”

மார்லோ ஸனாயாவைப் பார்த்த பார்வையில் கீரை வாடியிருக்கும். “சொல்லிட்டியாடி?”

“நீ உள்ள போயிட்டா நான் யார கலாய்ப்பேன்?” என்றாள் ஸனாயா.

மார்லோ தொப்பியை எடுத்தார். ஒன்றரை மாதத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதனால் இன்னும் மோசமாக இருந்தது. பழைய முடி ஒரு உயரம், புது முடி ஒரு உயரம். ஒடெஸ்ஸா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஏன் நீயே வெட்டின? கிளியோ கடைக்குப் போயிருக்கலாம்ல?”

“போனேனே,” என்றார் மார்லோ. “பிப்ரவரில, கடையெல்லாம் மூடறதுக்கு முன்னாடியே. பொண்ணுங்களுக்குப் பக்கத்துல பியூட்டி பார்லர் இருக்குன்னாரு. நாற்காலில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.”

ஒடெஸ்ஸா எழுந்து சாவியை எடுத்தாள்.

கிளியோட்டிஸ் பேங்க்ஸின் முடிதிருத்தும் கடை அடுத்த தெருவில். கண்ணாடிக்கு மேல் பலகை அடித்து, ‘கறுப்பர் கடை, கை வைக்காதீர்கள்’ என்று பெரிதாகப் பெயிண்டில் எழுதியிருந்தார். உள்ளே அவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை முதல் கடை திறக்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது.

“புதன்கிழமை வா ஒடெஸ்ஸா,” என்றார் கதவிடுக்கு வழியாக. “முதல் ஆளா எடுத்துக்கறேன்.”

“செவ்வாய்க்கிழமை விசாரணை. புதன்கிழமை இந்தப் பிள்ள எங்க இருக்கும்னு தெரியாது.”

“இன்னிக்குக் கத்தரி எடுத்தேன்னா லைசென்ஸ் போயிடும். அதுவும் இல்லாம நான் பொண்ணுங்களுக்கு வெட்டறதில்ல, உனக்கே தெரியும்.”

“தெரியும். பிப்ரவரில நீங்க அதச் சொன்னப்ப உங்க கடைல எல்லாரும் சிரிச்சாங்களாம்.”

“நான் சிரிக்கல.”

“நீங்க சிரிக்கல. சிரிச்சவங்கள நிறுத்தவும் இல்ல. அந்தச் சிரிப்பு இப்ப கோர்ட்டு வரைக்கும் வந்து நிக்குது மிஸ்டர் கிளியோ. நேத்து ராத்திரி ஊர்வலத்துல நீங்களும் போனீங்க, நான் பார்த்தேன். ‘எங்க பிள்ளைங்கள விடுங்க’ன்னு கத்தினீங்க. இது யாரோட பிள்ள?”

ஒடெஸ்ஸா மார்லோவைப் பார்த்துத் தலையசைத்தாள். மார்லோ தொப்பியை எடுத்தார்.

கிளியோட்டிஸ் கதவை முழுதாகத் திறந்தார். இரண்டு எட்டு வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“ஆண்டவரே,” என்றார். “எந்தப் பாவி பண்ணான் இத?”

“நான்தான்,” என்றார் மார்லோ.

“எதுல வெட்டின?”

“அம்மாவோட பழைய மெஷின்ல. நாய்க்கு வாங்கினது.”

“நாய்க்கு!” கிளியோட்டிஸ் நெஞ்சில் கை வைத்தார். “இந்தத் தலைய வச்சுக்கிட்டு என் தெருவுல நடந்தியா? என் கடைல வெட்டினதுன்னு யாராவது நினைச்சா நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான். பின்பக்கம் வா. சந்துல உட்காரு. முகக்கவசத்த எடுக்காத. ஒடெஸ்ஸா, நீ தெருமுனைல நின்னு போலீஸ் வந்தா இருமு.”

“இப்ப இருமினா ஊரே ஓடும்,” என்றாள் ஒடெஸ்ஸா. ஆனாலும் போய் நின்றாள்.

முன்பக்கத்தைக் காப்பாற்ற வழியில்லை என்பதால் மொத்தத்தையும் ஒட்ட எடுத்தார். கழுத்தை ஒட்டிப் படிப்படியாகக் குறைத்து, மேலே கொஞ்சம் அடர்த்தியாக விட்டு, புதிதாக முளைத்திருந்த முடியை வைத்தே நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு. முடிந்ததும் கண்ணாடியை நீட்டினார்.

மார்லோ கண்ணாடியில் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் பளபளத்தன.

“நான்தான்,” என்றார் மெல்ல, அடையாளம் கண்டுபிடித்தவர் போல.

“பிப்ரவரிலயே உன்ன உட்கார வச்சிருக்கணும்,” என்றார் கிளியோட்டிஸ், துண்டை உதறிக்கொண்டே. “என் தப்பு. இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வா. அந்த நாய் மெஷினத் தூக்கிப் போடு.”

செவ்வாய்க்கிழமை காலை மார்லோ கூடத்தில் ஒடெஸ்ஸாவின் கணினி முன்னால் உட்கார்ந்தார். வீட்டில் இணையம் சரியாக வராது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது முடி, கேமரா விளக்கு எரிந்தது. ஒடெஸ்ஸா தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நீதிபதியைவிட வெர்லீனைப் பற்றித்தான் பயமாக இருந்தது. முடி வெட்டிய விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

திரையில் ஒவ்வொரு சதுரமாக வந்தது. புத்தக அலமாரி முன்னால் நீதிபதி வீட்லி, மார்லோவுக்காக அரசு கொடுத்த பெண் வழக்கறிஞர், பிராண்ட், நீதிமன்ற எழுத்தர். எல்லோருடைய ஒலியையும் எழுத்தர்தான் திறந்து மூடினார்.

“மார்க்கீட்டா ஹாலிஸ் வந்திருக்காளா?” என்று நீதிபதி கேட்டார்.

“இருக்கேன் ஐயா,” என்றார் மார்லோ. ஒலி மூடியிருந்தது.

பிராண்ட் திரையை உற்றுப் பார்த்தார். குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை, நீளமுடியோடு பார்த்த பிள்ளை. “வரலை ஐயா. எப்பவும் இதே கதைதான். அந்தச் சதுரத்துல ஒரு பையன் இருக்கான், அண்ணன் தம்பியா இருக்கும்.”

“நான்தான்! நான்தான் ஐயா!” என்று மார்லோ கையை ஆட்டினார். ஒடெஸ்ஸா பாய்ந்து வந்து ஒலிப் பொத்தானைக் குத்தினாள். திறக்கவில்லை. வழக்கறிஞரும் ஏதோ சொன்னார், அவருடைய உதடு மட்டும் அசைந்தது. கேமராவை அணைத்தபோதும் வரவில்லை என்றார்கள். கண்ணுக்கு நேராக வந்து உட்கார்ந்தபோதும் வரவில்லை என்கிறார்கள். ஒடெஸ்ஸாவுக்குக் கணினியைத் தூக்கி எறியத் தோன்றியது.

“விசாரணைக்கும் வரலைன்னா எனக்கு வேற வழி இல்ல,” என்றார் நீதிபதி. “பிடிச்சுக் கொண்டுவர உத்தரவு போடறேன். தாயார் இணைப்புல இருக்காங்களா? அவங்கள ஒரு வார்த்த கேட்டுடுவோம்.”

எழுத்தர் ஒரு பொத்தானை அமுக்கினார். வெர்லீனின் முகம் வந்தது. முதியோர் இல்லத்தின் பின்வாசல், முகத்தடுப்பை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தாள், கண்ணுக்குக் கீழே முகக்கவசம் பதிந்த தழும்பு.

“திருமதி ஹாலிஸ், உங்க மக எங்க?”

வெர்லீன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஒவ்வொரு சதுரமாகத் தேடினாள். மார்லோவின் சதுரத்தில் வந்து நின்றாள். மார்லோ ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கிவிட்டார். வெர்லீன் வாய் திறந்து, “இது யாரு?” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலீஸ் கிளம்பிவிடும்.

“என்ன கேள்வி இது?” என்றாள் வெர்லீன். “உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கு.”

“அந்தப் பையனா?”

“பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பிள்ள. நான் பெத்தேன், எனக்குத் தெரியாதா? அது பாவம் கைய ஆட்டிக் கத்திக்கிட்டு இருக்கு, உங்கள்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லையா?”

பிராண்ட் காகிதத்தைப் புரட்டினார். நீதிபதி இருமினார். “பதிவுக்காக… பேரச் சொல்லுங்க.”

வெர்லீனுக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள்.

“மார்லோ,” என்றாள். “மார்லோ ஹாலிஸ். ஃபைல்ல என் தங்கச்சி பேரு இருக்கும். நான் வச்ச பேருதான. நானே மாத்திச் சொல்றேன், எழுதிக்கோங்க.”

கணினி முன்னால் மார்லோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

எழுத்தர் ஒலியைத் திறந்தார். ஏன் கேமராவை அணைத்தாய் என்று நீதிபதி கேட்டார். ஒடெஸ்ஸா தான் பேசுவதற்காக எழுதி வைத்திருந்த பேச்சு மேசையில் இருந்தது. மார்லோ அதைப் பார்த்தார், பிறகு தள்ளி வைத்தார்.

“முடி, ஐயா.”

“முடியா?”

“ஒழுங்கா வெட்டிக்கக் கடைக்குப் போனேன், வெட்ட மாட்டேன்னாங்க. நானே வெட்டிக் கெடுத்துக்கிட்டேன். அதப் படம் புடிச்சுப் பள்ளிக்கூடம் பூரா சிரிச்சாங்க. டீச்சருங்களும் பார்த்தாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதனால அணைச்சேன். ஆனா வகுப்புல இருந்தேன் ஐயா, ஒருநாள்கூடத் தவறல. அந்தக் காவலாளி விஷயத்துலயும் இப்படித்தான். நான் என்ன பண்ணேன்னு எல்லாரும் எழுதினாங்க, எனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.”

வழக்கறிஞருக்கு இப்போதுதான் குரல் கிடைத்தது. “மிஸ்டர் பிராண்ட், வீட்டுப்பாடம் வந்திருக்கா?”

பிராண்ட் தேடினார். “வந்திருக்கு.”

“எல்லாமா?”

“…எல்லாம்.”

“வீட்டுப்பாடம் வந்திருக்கு, ஆள் மட்டும் வரலையாக்கும்,” என்றார் வழக்கறிஞர்.

நீதிபதி காதுக்கு மேல் தொங்கிய தன் முடியை ஒதுக்கிக்கொண்டார். அவருக்கும் மார்ச்சிலிருந்து முடிவெட்ட ஆள் இல்லை போலும். “நிபந்தனை மீறல் இல்ல. தள்ளுபடி. கண்காணிப்பும் இந்தப் பள்ளி வருஷத்தோட முடியுது. மார்லோ, மிச்சம் இருக்கற வகுப்புக்கு முகத்தக் காட்டு. நல்லாத்தான இருக்கு.”

ஒடெஸ்ஸா நாற்காலியில் சாய்ந்தாள். வழக்கறிஞரின் சதுரம் மறைந்தது, பிராண்டின் சதுரம் அவசரமாக மறைந்தது.

“இருங்க, யாரும் வைக்காதீங்க,” என்றாள் வெர்லீன்.

“அம்மா, அடுத்த வழக்கு காத்துக்கிட்டு இருக்கு,” என்றார் எழுத்தர்.

“இருக்கட்டும். மார்ச்சுலருந்து என் பிள்ள மூஞ்சிய நான் ஒழுங்காப் பார்க்கல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு சாப்பாட்டு வாசனையத்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்.” அவள் போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். “மார்லோ. இப்படித் திரும்பு கண்ணு. பின்பக்கமும் காட்டு.”

மார்லோ நாற்காலியோடு மெதுவாகத் திரும்பினார். எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி, பொத்தானில் இருந்து கையை எடு என்று சைகை காட்டினார்.